கிண்டி கிடைக்காது என்று சொல்ல நீங்கள் யார்?

ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டுக் கல்யாண மண்டபத்தில், பொறியியல் சேர்க்கை வழிகாட்டி நிகழ்ச்சியில் நடந்ததை உங்களில் பலர் நேரிலேயே பார்த்தீர்கள். வராதவர்கள் இந்நேரம் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே முழுக்கதையையும் மறுபடி எழுதப் போவதில்லை. ஒலிவாங்கியும் கையுமாக மேடையில் நின்ற வழிகாட்டி ஐயா, கூட்டத்தில் எழுந்து நின்ற மாணவியிடம் கட்-ஆஃப், அதாவது பொறியியல் சேர்க்கைக்கு 200க்குக் கணக்கிடும் மதிப்பெண், எவ்வளவு என்று கேட்டார். அவள் 191 என்றாள். "கிண்டியெல்லாம் கனவுலகூட நெனைக்காதம்மா, பக்கத்துலயே ஒரு நல்ல காலேஜாப் பாத்துச் சீட்டப் போட்டு வச்சுக்க" என்றார். அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டிப் பொறியியல் கல்லூரியைத்தான் சொன்னார். மண்டபம் சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். இதற்குப் போய் ஏன் இவ்வளவு கோபம், அவ்வளவுதானே நடந்தது என்று நேற்றிலிருந்து எனக்கு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். ஆம், அவ்வளவுதான் நடந்தது.

அவர் எதைச் சொன்னார் என்பதைவிட எதைக் கேட்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. எந்தப் பள்ளி என்று கேட்கவில்லை. இட ஒதுக்கீட்டில் எந்தப் பிரிவு என்று கேட்கவில்லை. எந்தப் பாடம் படிக்க விருப்பம் என்று கேட்கவில்லை. கணக்கில் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. தரவரிசைப் பட்டியலே இன்னும் வெளியாகவில்லை. இத்தனையும் தெரியாமல் ஒரு பிள்ளையின் வாய்ப்பைக் கணித்துவிட முடியுமென்றால் நம் ஊர்க் கிளி ஜோசியர்கள் எல்லோரும் கலந்தாய்வு வல்லுநர்களே. கிளியாவது சீட்டை எடுப்பதற்கு முன் கூண்டைவிட்டு இறங்கி வருகிறது.

அவளிடம் நான் கேட்டேன். கணக்கில் 97, இயற்பியலில் 93, வேதியியலில் 95. கணக்கை அப்படியே வைத்து மற்ற இரண்டையும் பாதியாக்கினால் 46.5, 47.5, ஆக மொத்தம் 200க்கு 191. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. அப்படிப் படித்தவர்களுக்குப் பொறியியலில் 2021ஆம் ஆண்டு முதல் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அவர்களுக்கெனத் தனித் தரவரிசையும் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகத் துறைகளுக்கும் அது பொருந்தும். அந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மேடையில் இருந்தவருக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. தெரிந்திருந்தும் கேட்கவில்லை என்பதுதான் என் புகார்.

ஒரு கல்லூரியின் கட்-ஆஃப் என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். சென்ற ஆண்டு இந்தக் கல்லூரியில், இந்தப் பாடத்தில், இந்தப் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவர் எடுத்திருந்த மதிப்பெண்தான் அது. இவ்வளவு எடுத்தால்தான் சேர்ப்போம் என்று யாரும் முன்கூட்டி வகுத்த விதி அன்று. இயற்பியல் வினாத்தாள் கடினமாக இருந்தால் அது இறங்கும், எளிதாக இருந்தால் ஏறும். கணினி அறிவியல் மோகம் கூடினால் ஒரு பக்கம் ஏறிக் கட்டடப் பொறியியல் பக்கம் இறங்கும். கிண்டியில் கணினி அறிவியல் பொதுப் பிரிவில் 200ஐ ஒட்டியே முடிந்துவிடுகிறது என்பது உண்மைதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கிண்டி என்றால் கணினி அறிவியல் மட்டுந்தானா? 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடம் அது. அங்கே சுரங்கப் பொறியியல் இருக்கிறது, புவித் தகவலியல் இருக்கிறது, வேளாண்மை மற்றும் நீர்ப்பாசனப் பொறியியல் இருக்கிறது. பக்கத்திலேயே அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் ஜவுளித் தொழில்நுட்பம் இருக்கிறது. திருப்பூருக்கு 50 கிலோமீட்டரில் உட்கார்ந்துகொண்டு ஜவுளிப் படிப்பின் பெயரையே அந்தப் பிள்ளையின் காதில் போடாமல் அனுப்பியதற்குப் பெயர் வழிகாட்டலா?

இட ஒதுக்கீட்டுக்கான 69 விழுக்காடு போக மீதி 31 விழுக்காடு பொது. பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. ஒவ்வொன்றுக்கும் கடைசி மதிப்பெண் வேறு. இதைச் சொன்னவுடன் "சாதியை ஏன் இழுக்கிறீர்கள் சார்?" என்று சிலர் வருவீர்கள். சேர்க்கை முறை அப்படித்தான் அமைந்திருக்கிறது. உங்களோடு அதை விவாதிக்க இந்தப் பதிவு இடமில்லை.

இன்னொரு கேள்வியை மதிக்கிறேன், அதனால் அதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன். பொய் நம்பிக்கை கொடுத்துக் கடைசியில் பிள்ளை உடைந்துபோனால் யார் பொறுப்பு என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நான் நம்பிக்கையும் கொடுக்கவில்லை, அவநம்பிக்கையும் கொடுக்கவில்லை. கலந்தாய்வில் நாம் கொடுக்கும் விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். கணினி நம் தரவரிசை வரும்போது மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, இடம் காலியாக இருக்கும் முதல் விருப்பத்தை ஒதுக்குகிறது. முதல் வரியில் கிண்டியை வைத்ததற்காக ஐந்தாம் வரியில் இருக்கும் கோவை அரசுக் கல்லூரி கைவிட்டுப் போகாது. ஆசைப்பட்டதற்குத் தண்டனை இல்லாத இடம் நம் நாட்டில் அநேகமாக அது ஒன்றுதான். தண்டனை இருப்பது பட்டியலைக் குட்டையாக எழுதுகிறவர்களுக்குத்தான்: பத்துக் கல்லூரி மட்டும் போட்டுவிட்டுப் பத்திலும் இடமில்லை என்றால் அந்தச் சுற்றில் வெறுங்கைதான். ஆகவே மேலே ஆசைப்பட்டதை வை, நடுவில் கிடைக்கக்கூடியதை வை, கீழே நிச்சயமானதை நிறைய வை என்கிறேன். இதில் எது பொய்? மேடையில் சொல்லப்பட்டதோ முதல் பத்து வரியையே அடித்துவிடு என்பது. அடிப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

நிகழ்ச்சியை இலவசமாகத்தானே நடத்தினார்கள் என்கிறீர்கள். இலவசந்தான். தக்காளி சாதமும் நன்றாகவே இருந்தது. வாசலில் வரிசையாக மேசை போட்டு, "நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இன்றே முன்பதிவு" என்று பதாகை கட்டியிருந்ததும் இலவசந்தான். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று என் மனைவியும் கேட்டாள். அவளுக்குக் காரணம் தெரியும், இருந்தும் கேட்டாள். 1995இல் நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். அப்போது நுழைவுத் தேர்வு உண்டு. பள்ளி மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, மொத்தம் 300. அது 2007இல்தான் ஒழிந்தது. பழைய ஆண்டுப் பட்டியலைக் கைப்பேசியில் தட்டிப் பார்க்கிற வசதியெல்லாம் இல்லாத காலம். என் மதிப்பெண் சீட்டை மஞ்சள் பைக்குள் வைத்து அப்பா என்னை ஊரில் விவரம் தெரிந்தவர் என்று பெயர் பெற்ற ஒருவர் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவர் திண்ணையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைக்காமலே இடது கையால் சீட்டை வாங்கிப் பார்த்து, "இதுக்குக் கோயமுத்தூர் கவருமெண்டுக் காலேஜெல்லாம் எட்டாதுங்க, பேசாம டிகிரியில சேத்தி உட்ருங்க" என்றார். அப்பா "செரிங்க" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது. விண்ணப்பமே வாங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, என் வகுப்பில், என் பிரிவில், என்னைவிட நான்கு மதிப்பெண் குறைவாக எடுத்தவன் அதே கோவைக் கல்லூரியில் சேர்ந்தான். அவன் வீட்டில் யாரிடமும் யோசனை கேட்கவில்லை, அவ்வளவே.

நான் கெட்டுப் போய்விடவில்லை. இயற்பியல் படித்தேன், ஆசிரியரானேன், இந்த வேலையை நேசிக்கிறேன். ஆனால் 2009இல் அப்பாவின் கண் அறுவைக்காகக் கோவை போனபோது பேருந்து தடாகம் சாலை வழியாகச் சென்றது. கட்டுப்போடாத கண்ணால் அந்தக் கல்லூரி வாசலைப் பார்த்து, "இதுதானாப்பா அது?" என்று கேட்டார். பதினான்கு வருடங்களாக அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனிதர். ஆமாம் என்றேன். அடுத்த நிறுத்தம் வரைக்கும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இதையெல்லாம் எழுதினால் "சார் சொந்தக் கதையைச் சொல்லி அனுதாபம் தேடுகிறார்" என்பார்கள். தேடிவிட்டுப் போகிறேன்.

கொங்குப் பகுதியில் படிப்பைப் பற்றி நமக்கிருக்கும் பெருமையையும் கொஞ்சம் பேசித்தான் ஆக வேண்டும். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளைப் பிராய்லர் பள்ளி என்று கிண்டல் செய்துகொண்டே பிள்ளைகளைக் கொண்டுபோய் அங்கே விட்டவர்கள் நாம். பதினோராம் வகுப்புப் பாடத்தையே தொடாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பையே நடத்தினார்கள் என்பதால்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. கோபிக்காரரான செங்கோட்டையன் பள்ளிக்கல்வி அமைச்சராக இருந்தபோது, 2017இல், மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தையும் நிறுத்தினார்கள். அறிவிப்புதான் நின்றது, நம் பழக்கம் நிற்கவில்லை. கல்யாண வீட்டில் கைகழுவும் இடத்தில்கூட "கண்ணு, எவ்வளவு எடுத்தே?" என்றுதான் ஆரம்பிக்கிறோம். பண்ணையில் கோழியை எடை போடுகிறவரும் எடையை மட்டுந்தான் கேட்பார். இது அந்த ஒரு வழிகாட்டி மேல் எனக்குள்ள கோபம் மட்டும் இல்லை என்பது எழுதும்போதே எனக்கும் தெரிகிறது.

நானும் சொல்லியிருக்கிறேன். யாராவது தோண்டி எடுப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கட்டுமா என்று கேட்டபோது, வினாத்தாள் திருத்திக்கொண்டே தலையை நிமிர்த்தாமல், "உனக்கு வராதும்மா, எதுக்கு வீண் செலவு?" என்றேன். அவளுக்கு வந்திருக்குமா, வந்திருக்காதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்கான ஒரே வழியை அன்று நான்தான் அடைத்தேன். அதற்குப் பிறகு யாருக்கும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை; கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு, மூன்று ஆண்டுப் பட்டியலை எடுத்து வைத்து, "நீயே பார்" என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த மாணவியின் அப்பா மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். நேற்றிரவு பேசினார். "ஏனுங் சார், அவரு அத்தன பேரு முன்னாடி அப்படிச் சொல்லிப் போட்டாருங்களே, இனி எழுதுனாத் தப்பாகிப் போகாதுங்களா?" என்றார். ஒன்றும் தப்பாகாது என்று மூன்று முறை சொன்ன பிறகுதான் நம்பினார். இன்று மாலை மகளோடு வீட்டுக்கு வருகிறார். சாதிச் சான்றிதழ், ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததற்கான சான்று, வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழ், இவற்றோடு 80 பக்க நோட்டு ஒன்றும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். முதல் பக்கத்து முதல் வரியில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்பதை அவளே எழுதிக்கொண்டு வர வேண்டும், அதை நான் திருத்த மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன்.