ஆபிரிக்காவை வெட்டுங்கோ

(வெள்ளவத்தை, காலி வீதிப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை. மேசையில் ரெண்டு பிளேன்டீ, நடுவில் மாஸ்டர் வீட்டுக் கலியாணத்துக்கு எட்வினின் பாண்ட் வாசிக்கப்போகும் பாட்டுப் பட்டியல். நான் அடுத்த மேசையில் பாணும் பருப்பும்.)

மாஸ்டர்: என்ன தம்பி இது? 32 பாட்டு எழுதித் தந்தனான். நாலுதான் மிச்சம் கிடக்கு.

எட்வின்: நீங்கதானே மாஸ்டர் போன் எடுத்துச் சொன்ன. ஆபிரிக்காத் தாள அடி ஒண்டும் வேணாம், கண்டா வெட்டு எண்டு. இரவிரவா இருந்து வெட்டின.

மாஸ்டர்: நான் சொன்னது மாப்பிள்ளை லண்டனிலயிருந்து அனுப்பின பாட்டுகளை. நைஜீரியாக்காரர் பாடுறது. அதுக்கு ஏன் என்ர பைலாத் துள்ளல் பாட்டுகளை வெட்டினனீர்?

எட்வின்: அதுவும் அங்கத்தே சாமான்தானே மாஸ்டர்.

மாஸ்டர்: பைலாவோ? விசர்க்கதை கதையாதையும். பைலா எங்கட.

எட்வின்: எங்கடதான். வந்து கனகாலம். ஆனா நீங்க சொன்ன மாதிரி வெட்ட வெளிக்கிட்டா முதல் அதுதான் போகுது.

மாஸ்டர்: சரி, பொப்பிசை எங்கே? நித்தி கனகரத்தினத்தின்ர பாட்டு எங்கே? அது அசல் தமிழ்.

எட்வின்: சொல் தமிழ். அடி? பொப்பிசை பைலாட பிள்ளை மாஸ்டர். தாயை வெட்டிப்போட்டுப் பிள்ளையை மட்டும் மடியில வச்சிருக்க ஏலுமா?

மாஸ்டர்: சிலோன் மனோகர்?

எட்வின்: அதே தாய். சென்னையில போய் நிண்ட பிள்ளை.

மாஸ்டர்: அப்ப மிச்சம் இருக்கிற நாலும் என்ன?

எட்வின்: ஒரு பிள்ளையார் பாட்டு. ரெண்டு ஊஞ்சல் பாட்டு. நாலாவது, சாப்பாட்டு மண்டபம் மேல்மாடியில எண்டு நான் சொல்ற அறிவித்தல். அதைப் பாட்டெண்டு எண்ணிட்டன்.

மாஸ்டர்: தம்பி, வடிவாக் கேளும். பைலா போர்த்துக்கேயம். எனக்கும் தெரியும். நானும் சரித்திரம் படிப்பிச்சனான். அவன்ர பாசையில ‘பைலார்’ எண்டா ஆடுறது. அது ஐரோப்பாச் சாமான். அது பரவாயில்லை.

எட்வின்: ஐரோப்பா எண்டா பரவாயில்ல.

மாஸ்டர்: ஓம்.

எட்வின்: ஒருக்கா இன்னும் சொல்லுங்க மாஸ்டர், நான் எழுதிக்கொள்றன். ஐரோப்பா எண்டா பரவாயில்ல. வேற?

மாஸ்டர்: உமக்கு என்ன நக்கலோ?

எட்வின்: இல்ல. அந்த அடிக்குப் பழைய பேர் கப்ரிஞ்ஞா. மட்டக்களப்பில போர்த்துக்கேய வழி வந்த எங்கட பறங்கி ஆக்கள் கலியாணத்தில வயலினோட இன்னும் ஆடுறம். அந்தப் பேர்ட முன்பாதி என்ன தெரியுமா? காப்பிரி, ஆபிரிக்காவில இருந்து வந்த ஆக்கள்ட பேர். ‘இஞ்ஞா’ எண்டது போர்த்துக்கேயத்தில சின்னது, செல்லமானது எண்டு சொல்ற வால். நீங்க குஞ்சு எண்டு சொல்றீங்களே, அதுபோல. பேர் வைக்கக்குள்ளயே போர்த்துக்கேயன் இது ஆர்ட அடி எண்டு ஒத்துக்கிட்டான். நீங்கதான் இப்ப அவனுக்காக வழக்குப் பேசுறீங்க.

மாஸ்டர்: தம்பி நல்லாத் தமிழ் கதைக்கிறீர். எத்தினை வருசம் படிச்சனீர்?

எட்வின்: பிறந்ததில இருந்து.

மாஸ்டர்: இல்லை, பறங்கி எண்டு சொன்னபடியால் கேட்டனான்.

எட்வின்: எங்கட வீட்டில போர்த்துக்கேயம் தெரிஞ்ச கடைசி ஆள் அப்பம்மா. எனக்குத் தெரிஞ்ச போர்த்துக்கேயம் எல்லாம் உங்களுக்கும் தெரியும் மாஸ்டர். நீங்க இருக்கிற கதிரை. இந்த மேசை.

மாஸ்டர்: கதிரை தமிழ்.

எட்வின்: கதைரா. மேசா. கலியாணத்துக்கு எத்தினை கதிரை சொன்னீங்க?

மாஸ்டர்: நானூறு.

எட்வின்: வெட்டட்டா?

மாஸ்டர்: ஐரோப்பா பரவாயில்லை எண்டு சொல்லிப்போட்டன்தானே!

(மாஸ்டர் இந்த இடத்தில் தேத்தண்ணியை ஒரே மிடறில் குடித்தார். சூடு. அதற்குப் பிறகு கொஞ்சம் கீச்சுக் குரலில்தான் கதைத்தார்.)

மாஸ்டர்: சரி, உந்த அடியில ஆபிரிக்கா எங்க கிடக்கு, காட்டும் பாப்பம். ‘தகிட தகிட’. திஸ்ர நடை. எங்கட ஆக்கள் ஆயிரம் வருசமா அடிக்கிறது. எங்களிட்டயிருந்துதான் போயிருக்கும்.

எட்வின்: எல்லாம் எங்களிட்ட இருந்துதான் போகும். வாறது மட்டும் ஒண்டும் வராது. உங்கட வெறுங்கிளாசை இஞ்ச தாங்க, அந்தக் கரண்டியையும். ஆறு எண்ணுங்க. இப்ப வலது கையால ஆறுக்குள்ள மூண்டு தரம் தட்டுங்க. ஒண்டு, மூண்டு, ஐஞ்சு.

மாஸ்டர்: தட்டுறன்.

எட்வின்: நிப்பாட்டாம இடது கையால அதே ஆறுக்குள்ள ரெண்டு தரம். ஒண்டு, நாலு.

மாஸ்டர்: ஒண்டு… மூண்டு… நாலு… எந்தக் கை தம்பி?

எட்வின்: ரெண்டு கையும். ஒரு கை ஒரு கணக்கு, மற்றக் கை வேற கணக்கு, ரெண்டும் ஒரே ஆளிட்ட, சண்டை இல்லாம. ஆபிரிக்க அடியில அடிக்கடி நடக்கிறது அதுதான். ‘தகிட தகிட’ எண்டு வாயால சொல்லக்குள்ள ஒரு கணக்குத்தான் வரும் மாஸ்டர்.

மாஸ்டர்: கரண்டி விழுந்திட்டுது.

எட்வின்: அதுவும் அடிதான். புத்தளத்துக்குக் கிட்ட சிரம்பியடியில காப்பிரி ஆக்கள் இப்படித்தான் அடிப்பாங்க. மஞ்சா எண்டு பேர். றபான் மேளம், தேங்காய்ச் சிரட்டை, வெறும் போத்தல், கரண்டி. பெண்கள்தான் முன்னுக்கு நிண்டு பாடுவாங்க. ரெண்டு வரிப் பாட்டு, போர்த்துக்கேயம் கலந்த பழைய பாசை. ஆறுதலாத் தொடங்கும், அதே வரி, அதே வரி, வேகம் ஏறிக்கொண்டே போகும். கடைசியில போத்தலா கரண்டியா எது முதல் உடையும் எண்டு தெரியாது.

மாஸ்டர்: அவை எப்பிடி இஞ்ச வந்தவை?

எட்வின்: நீங்கதானே மாஸ்டர் சரித்திரம் படிப்பிச்ச.

மாஸ்டர்: சிலபசில இல்லை.

எட்வின்: 1505ல ஆர் வந்தான் எண்டு இருக்கா?

மாஸ்டர்: இருக்கு. போர்த்துக்கேயர்.

எட்வின்: அவன் ஆரைக் கூட்டி வந்தான் எண்டு இல்ல. மொசாம்பிக் பக்கமிருந்து அடிமையா, சிப்பாயா. அடுத்து ஒல்லாந்தன். அவன் பகல்ல வேலை வாங்கிட்டு இரவில கொண்டுபோய் விட்ட இடம்தான் கொழும்புக் கொம்பனித்தெரு. இங்கிலீசில ஸ்லேவ் ஐலண்ட் எண்டு சொல்லிச் சொல்லி நாங்க ஐஸ்கிரீம் குடிக்கப் போனது அங்கதான். பிறகு இங்கிலீஸ்காரன் ரைபிள் படையில சேர்த்தான். படையைக் கலைச்ச பிறகு அதில ஒரு பகுதி ஆக்கள் புத்தளத்திலயே குடியேறிட்டாங்க.

மாஸ்டர்: என்ர மச்சான் பத்து வருசம் கொம்பனித்தெருவில வேலை செய்தவன். அவன் ஒண்டும் சொல்லேல்லை.

எட்வின்: அந்தக் கப்ரிஞ்ஞா அடிக்கு 1940களில வொலி பஸ்தியன் சிங்களச் சொல் போட்டுப் பாடினார். பொலிஸ்காரர். அதுக்குப் பிறகுதான் பைலா எண்டு நாடு முழுக்க ஆடிச்சு. இப்ப கிரிக்கெட்டுக்கும் அதுதான், பஸ் ட்ரிப்புக்கும் அதுதான், உங்கட கலியாணத்துக்கும் அதுதான்.

மாஸ்டர்: சரி சரி, சரித்திரம் காணும். பைலாவைத் திருப்பிப் போடும். மற்ற விசயத்துக்கு வருவம். உம்மட பாண்டில றபான் அடிக்கிற பெடியன்…

எட்வின்: ஓம்?

மாஸ்டர்: நல்லா அடிக்கிறான். அதில குறை இல்லை. ஆனா வீடியோவில விழாம கொஞ்சம் பின்னால நிப்பாட்ட ஏலுமோ? ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால. மனுசி சொல்லுறா, சனம் பாத்தால், உவன் ஆர் காப்பிலி எண்டு…

(நான் பாணைப் பிய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே வைத்துவிட்டேன். எட்வின் கரண்டியைக் கிளாசுக்குள் மெதுவாகப் போட்டார்.)

எட்வின்: மாஸ்டர், அவன் தன்னைக் காப்பிரி எண்டுதான் சொல்லுவான். அவன்ட அம்மாவும் அப்படித்தான் சொல்லுவா. அதில ஒரு குறையும் இல்ல, அது அவங்கட ஆக்கள்ட பேர். நீங்க கடைசி எழுத்தை மாத்திச் சொல்றீங்களே ‘லி’ எண்டு, அந்த ஒரு எழுத்திலதான் வசை முழுக்க இருக்கு.

மாஸ்டர்: நான் சொல்லேல்லை, மனுசி சொன்னவ.

எட்வின்: உங்கட வாயால வந்தது.

மாஸ்டர்: சரி… சனம் வந்து எந்த நாடு எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?

எட்வின்: புத்தளம்.

மாஸ்டர்: இல்லை, அதுக்கு முதல்?

எட்வின்: முதல் சிரம்பியடியில இருந்தவன். இப்ப டவுன் பக்கம் வந்திட்டான்.

மாஸ்டர்: அதுக்கும் முதல்?

எட்வின்: அதுக்கும் முதல் தாய்ட வயித்தில. அதுக்கு மேல நான் கேக்கல்ல.

மாஸ்டர்: தம்பி, கோவியாதையும். இது குடும்பக் கலியாணம். நாலு நாட்டிலயிருந்து ஆக்கள் வருகினம்.

எட்வின்: அவன் பின்னால நிக்கமாட்டான் மாஸ்டர். நிண்டா உங்களுக்குத்தான் நட்டம். போன ஆவணி, உங்கட தம்பிட மகள்ட கலியாணம். ஆர் பாண்ட்?

மாஸ்டர்: …நீங்கள்தான்.

எட்வின்: இரவு பதினொண்டரைக்கு ஒரு ஆள் சால்வையைத் தலையில கட்டிக்கொண்டு, வேட்டியை மடிச்சுக்கொண்டு, இன்னும் ஒண்டு, இன்னும் ஒண்டு எண்டு எங்களை வீட்ட போக விடல்ல. ஆர் அது?

மாஸ்டர்: அது… அவையள் வற்புறுத்தினவை.

எட்வின்: ஆரும் வற்புறுத்தல்ல. ஆடக்குள்ள நீங்க பாட்டுக்காரனைப் பாக்கல்ல, கீபோட்டையும் பாக்கல்ல. அந்தப் பெடியன்ட கையைப் பாத்துத்தான் கால் எடுத்து வச்சீங்க. அவன் ஸ்பீக்கருக்குப் பின்னால போனா, நானூறு சனத்துக்கு முன்னால உங்கட கால் எங்க போகும் எண்டு எனக்குத் தெரியாது.

மாஸ்டர்: (மெதுவாக) அந்த வீடியோ இன்னும் கிடக்கோ?

எட்வின்: கிடக்கு. உங்கட மாப்பிள்ளைக்கும் அனுப்பியிருக்கு. அதைப் பாத்துத்தான் அவர் நைஜீரியாப் பாட்டு அனுப்பினவர். மாமாவுக்கு இந்த அடி பிடிக்கும் எண்டு.

(கடைக்காரர் சிரித்துவிட்டு, சிரிக்காதவர் போல அலுமாரிக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.)

மாஸ்டர்: சரி. முப்பத்திரண்டையும் திருப்பிப் போடும்.

எட்வின்: லண்டன் பாட்டு?

மாஸ்டர்: அதில ரெண்டு. நான் சாப்பிடப் போற நேரம் போடும். பெடியன் முன்னால நிக்கட்டும். ஆனா நிகழ்ச்சி நிரல் அச்சடிக்கிறது. அதில பைலா, கப்ரிஞ்ஞா, ஆபிரிக்கா, போர்த்துக்கல் ஒண்டும் வேண்டாம். சைவக் கலியாணம். சுத்தத் தமிழில ஒரு சொல் போடும்.

எட்வின்: என்ன சொல் போட?

மாஸ்டர்: (யோசித்து) ஆட்டம். ‘இரவு பத்து மணி: ஆட்டம்.’ அவ்வளவுதான்.

எட்வின்: பைலா எண்டு போட எனக்கு விருப்பம்தான். நீங்க விடல்ல. கடைசியில அதையே தமிழில எழுதிட்டீங்க.

மாஸ்டர்: எதை?

எட்வின்: பைலார் எண்டா என்ன எண்டு நீங்கதானே மாஸ்டர் சொன்ன. ரெண்டு பிளேன்டீக்கும் நான் குடுக்கிறன். கதிரை நானூறும் இருக்கட்டும்.