போட்டியின்றித் தேர்வு என்று கைதட்டாதீர்கள்

கூட்டுறவுச் சங்கத் தேர்தல் வரும்போதெல்லாம் நம் ஊர்களில் ஒரு பேச்சு பெருமையாக அடிபடும்: “எல்லாரும் உட்கார்ந்து பேசிட்டோம், போட்டியில்லாம முடிச்சாச்சு.” வீட்டுவசதிச் சங்கங்களைப் பொறுத்தவரை இதில் பெருமைப்பட எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. உறுப்பினர்களின் பணத்தைத் திரட்டி நிலத்திலோ கட்டடத்திலோ போடுகிற சங்கத்தில், நிர்வாகக் குழுவுக்கு யார் வர வேண்டும் என்பதை நாலு பேர் டீக்கடையில் பேசி முடிக்க முடியாது. கேள்வி கேட்டு, பதில் வாங்கி, ஓட்டுப் போட்டுத்தான் முடிக்க வேண்டும்.

மற்ற சங்கங்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பால் சங்கத்தில் அளவில் கைவைத்தால் மாடு வைத்திருப்பவருக்கு அடுத்த பட்டுவாடாவில் தெரிந்துவிடும். கடன் சங்கத்தில் கடன் வரவில்லை என்றால் அந்தப் பருவத்திலேயே சண்டை வந்துவிடும். நிலம் அப்படி இல்லை. இன்று குழு ஒரு தீர்மானம் போட்டுச் சில ஏக்கர் வாங்குகிறது என்று வையுங்கள். மூலப்பத்திரத்தில் ஒரு வாரிசின் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது. அல்லது சர்வே எண்ணின் ஓர் உட்பிரிவு ஓடைப் புறம்போக்கு. அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரியாது. லேஅவுட் படம் அழகாக இருக்கும். குலுக்கலில் மனை விழுந்த சந்தோஷத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பல வருஷம் கழித்து, பட்டா மாறுதலுக்குத் தாலுகா அலுவலகம் போகும்போதோ, வங்கி வழக்கறிஞர் “இந்தச் சொத்துக்குக் கடன் தர முடியாது” என்று எழுதிக் கொடுக்கும்போதோதான் பூதம் கிளம்பும். அதற்குள் அந்தக் குழுவின் ஐந்து வருஷம் முடிந்திருக்கும். செயலாளர் ஓய்வு பெற்றிருப்பார். தீர்மானப் புத்தகம் எந்த பீரோவில் இருக்கிறது என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

சட்டம் கைவிரித்துவிடவில்லை. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-ல் 81-ஆம் பிரிவின்படி விசாரணை வைக்கலாம், 87-ஆம் பிரிவின்படி நட்டத்துக்குக் காரணமானவரிடம் தண்டத் தீர்வை விதித்து வசூலிக்கலாம். ஆனால் இவையெல்லாம் பணம் போன பிறகு வருகிற ஏற்பாடுகள். தண்டத் தீர்வை ஆணை வரும், அதன் மேல் முறையீடு வரும், நீதிமன்றத் தடை வரும். வீடு கட்டக் காத்திருந்த மனிதருக்கு வயதாகிவிடும். பணம் போவதற்கு முன்னால் உறுப்பினர் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் அந்த ஓட்டுதான். அதைத்தான் “போட்டியின்றி” என்ற சொல்லில் கட்டிப் பரண்மேல் போட்டுவிடுகிறோம்.

2013-லும் 2018-லும் தமிழ்நாட்டில் கூட்டுறவுத் தேர்தல் நடந்தது. மிகப் பல சங்கங்களில் வாக்குப் பெட்டிக்கே வேலை வரவில்லை. வேட்புமனுவை வாங்க மறுத்தார்கள், பரிசீலனையில் காரணமில்லாமல் தள்ளினார்கள் என்ற புகார்கள் 2018-ல் உயர் நீதிமன்றம் வரை போயின. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் ஆளும் தரப்பின் பட்டியல்தான் கடைசியில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் என்று உறுப்பினர்கள் நம்பத் தொடங்கிவிட்டார்கள். அந்த நம்பிக்கைதான் என்னை அதிகம் வருத்துகிறது. எழுதப் படிக்கத் தெரிந்த, வருமான வரி கட்டுகிற, மாமனார் சொத்துப் பத்திரத்தை வரி வரியாகப் படிக்கிற ஆட்கள், தங்கள் சேமிப்பைப் போட்டிருக்கும் சங்கத்தின் தேர்தல் தேதியைக் கூடத் தெரிந்துகொள்வதில்லை.

2023-ல் குழுக்களின் பதவிக்காலம் முடிந்தது, குழுவுக்குப் பதிலாக அரசு நியமிக்கும் தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். “அரசியல்வாதி இல்லை, அதிகாரிதானே, நிம்மதி” என்று சொன்ன நண்பர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தனி அலுவலர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அவர் தன் துறைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர், நமக்கு அல்ல. ஒருவருக்கே பல பொறுப்புகள் இருக்கும், மாற்றல் வந்தால் போய்விடுவார். நம் பங்குத்தொகையில் வாங்கிய நிலத்தைப் பற்றி முடிவெடுப்பவரை நாம் மாற்றவே முடியாது என்றால் அதற்கு எதற்குக் கூட்டுறவு என்று பெயர்?

கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றிய 97-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 2012 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன். குழுவுக்கு ஐந்தாண்டு, காலம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல், குழுவைக் கலைத்து வைப்பது அதிகபட்சம் ஆறு மாதம் என்றெல்லாம் அதில் இருந்தது. மாநிலப் பட்டியலில் உள்ள விஷயத்தில் மாநிலங்களின் ஒப்புதல் பெறாமல் கொண்டுவந்தது செல்லாது என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே மாநிலத்துக்குள் இயங்கும் சங்கங்களுக்கு அந்தப் பகுதி பொருந்தாமல் போனது. மாநில உரிமை என்ற வகையில் தீர்ப்பு சரியானதே. ஆனால் காலத்தோடு தேர்தல் நடத்தும் பொறுப்பு இப்போது முழுக்க மாநில அரசின் தலையில் இருக்கிறது. அதைக் கேட்கவேண்டியது நாம்தான்.

இதையெல்லாம் வேறு மாதிரி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில், வடகிழக்குப் பகுதி மக்கள் 2011-ல் நார்த்ஈஸ்ட் இன்வெஸ்ட்மென்ட் கோஆபரேட்டிவ் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சென்ட்ரல் அவென்யூவில் கடைகள் பூட்டிக் கிடந்தன. வெளியூர் முதலாளி வந்து வாங்கட்டும் என்று காத்திருக்காமல், ஆளுக்கு 1,000 டாலர் போட்டு உறுப்பினரானார்கள். 2012-ல் அந்தத் தெருவில் கட்டடங்கள் வாங்கினார்கள். சைக்கிள் கடை வந்தது, ரொட்டிக் கடை வந்தது, 2014-ல் கூட்டுறவாக நடக்கும் ஒரு பீர் ஆலையும் வந்தது. கூடுதலாகப் பணம் போட விரும்பினால் போடலாம். ஆனால் ஓட்டு ஒன்றுதான். 1,000 டாலர் போட்டவருக்கும் அதைப்போலப் பல மடங்கு போட்டவருக்கும் குழுத் தேர்தலில் ஒரே எடை. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் இயங்கும் ஈஸ்ட் பே பெர்மனன்ட் ரியல் எஸ்டேட் கோஆபரேட்டிவ் இன்னும் ஒரு படி மேலே போய், முதலீடு செய்தவர்கள், குடியிருப்பவர்கள், பணியாளர்கள், அந்தப் பகுதி மக்கள் என்று உறுப்பினர்களையே வகை பிரித்து வைத்திருக்கிறது. பணம் போட்டவரின் ஆசையும் அங்கே குடியிருப்பவரின் தேவையும் எப்போதும் ஒன்றாக இருக்காது என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. வாடகை ஏறினால் ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு வீடு போகும்.

ஒரு ஆள், ஒரு ஓட்டு என்பது நம் சட்டத்திலும் இருக்கிறது. நேரில் வந்துதான் போட வேண்டும், தனக்குப் பதில் வேறு ஆளை அனுப்ப முடியாது என்பதும் இருக்கிறது. விதியில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. அதை எடுத்து நடத்துகிற உறுப்பினர்கள்தான் குறைவு.

சரி, போட்டி வந்துவிட்டது, மூன்று பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். யாருக்குப் போடுவது? நம்ம சாதி, நம்ம கட்சி, நம்ம ஆபீஸ், கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவர் என்று போடுவதை நிறுத்த வேண்டும். நிலச் சங்கத்தின் குழுவில் வில்லங்கச் சான்றையும், நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் அ-பதிவேட்டையும், அதன் எல்லையைக் காட்டும் புலப்படத்தையும் தானே வாங்கிப் பார்க்கத் தெரிந்த இரண்டு பேராவது இருந்தே ஆக வேண்டும். பெரிய லேஅவுட்டில் சாலை போக 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கு விட வேண்டும் என்று தெரிந்தவர் வேண்டும். பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் பின்னால் மனையாக மாறும்போது எழுந்து நின்று “இது முடியாது” என்று சொல்லும் வாய் வேண்டும். படிப்பை விட அந்த வாய் முக்கியம் என்பேன்.

இன்னொரு கேள்வியைத் தயங்காமல் எல்லோர் முன்னாலும் கேளுங்கள்: உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ நிலத் தரகு, கட்டுமான ஒப்பந்தம், இந்தப் பக்கம் நிலம் ஏதாவது உண்டா? இருந்தால் நிற்கக்கூடாது என்பதில்லை. ஆனால் அது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிய வேண்டும், அந்தத் தீர்மானம் வரும் கூட்டத்தில் அவர் வெளியே போய் உட்கார வேண்டும். கேட்டதற்குக் கோபப்படுகிறவருக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். முன்பு குழுவில் இருந்தவர் மறுபடி நின்றால், கடைசித் தணிக்கை அறிக்கையில் இருந்த ஆட்சேபங்கள் என்ன, எதற்கெல்லாம் பதில் அனுப்பினார்கள் என்று கேளுங்கள். பதில் தெரியாதவர் அந்த நாற்காலியில் ஐந்து வருஷம் என்னதான் செய்தார்?

பெண்களுக்கான இடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனைவி பெயரில் மனு போட்டுவிட்டுக் கூட்டத்துக்குக் கணவர் வந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன், ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. வாடகை, தண்ணீர், பள்ளிக்கூடம், பஸ் வசதி என்று வீடு தேடுவதன் முழுப் பாடும் தெரிந்த பெண்கள் எத்தனை பேர் உறுப்பினராகவே இருக்கிறார்கள்! அவர்களை நிற்கச் சொல்லுங்கள், அவர்களுக்காக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேளுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பழைய சங்கங்களில் முதல் தலைமுறை உறுப்பினர்கள் பலர் காலமாகிவிட்டார்கள். பங்கு இன்னும் அப்பா பெயரிலேயே கிடக்கும், பிள்ளைகள் அதை மறந்தே போயிருப்பார்கள். இருப்பவர்களில் பலர் வீடு மாறி, முகவரி மாறி, அறிவிப்புத் தபால் திரும்பிப் போயிருக்கும். பட்டியல் இப்படிச் சுருங்கச் சுருங்க, பேசி முடிக்கிற நாலு பேருக்கு வேலை சுலபமாகிறது. தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், அப்போது அவகாசம் இருக்காது. உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய பங்குச் சான்றிதழோ உறுப்பினர் ரசீதோ இருந்தால் எடுத்துக்கொண்டு இந்த வாரமே சங்க அலுவலகத்துக்குப் போங்கள். அப்பா பெயரில் இருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் சேர்த்து மனு கொடுங்கள். கொடுத்ததற்குக் கையெழுத்தும் முத்திரையும் போட்ட நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள். வாங்க மறுத்தால் அதே மனுவை ஸ்பீட் போஸ்டில், சங்கங்களைக் கண்காணிக்கும் கூட்டுறவுத் துணைப் பதிவாளருக்கு அனுப்புங்கள். மனு எழுதத் தெரியவில்லை என்றால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.