ஓம், "செய்யுங்கோ டொக்டர்" எண்டு சொன்னது நான்தான்

எங்கள் ஒழுங்கை வட்ஸ்அப் குழுவில் ஞாயிற்றுக்கிழமை தொடங்கின கதை உங்களில் பலருக்கு வந்து சேர்ந்திருக்கும். "சினைப் பூனையின் வயிற்றைக் கிழித்த கொலைகாரிகள்." பெயர் போடவில்லை. கொழும்பு வெள்ளவத்தைக் கடற்கரை ரோட்டில், தெருப்பூனைகளைக் கருத்தடைக்குப் பிடிக்க விடியப்புறம் கூண்டும் ரின் மீனுமாக நிற்கிறவர்கள் எத்தனை பேர்? எழுதினது எனக்குத்தான்.

அந்தப் பூனை வெள்ளச்சி. அவளைப் பிடிக்க எனக்குப் பதினொரு நாள் எடுத்தது. வயிறு கொஞ்சம் உருண்டிருந்தது. மீன்கடைக் கழிவு தின்கிற பூனைக்கு அது புழு வயிறாகவும் இருக்கலாம் என்று நினைத்தேன். வயிற்றைத் திறந்த டொக்டர் பத்தரை மணிக்குப் போன் எடுத்தார். "பிள்ளை, உள்ளுக்கு நாலு குட்டி. ஆறு கிழமை இருக்கும். செய்யவா, தைச்சு மூடவா?" ஒன்பது கிழமையில் ஈனுகிற பூனை. கருப்பைக்கு இரத்தம் கூடுதலாக ஓடுகிற நேரம், தாய்க்கும் ஆபத்து என்று அவர் மறைக்காமல் சொன்னார். ரோட்டோரத்தில் நின்று "செய்யுங்கோ" என்றேன். பிறகு ஓட்டோவில் வீடு வரும்வரை அழுதேன்.

நாலு உயிர் போனது. அதற்கு வேறு பெயர் வைத்து நான் மறைக்கப் போவதில்லை. கருப்பையைத் திறக்காமல் அப்படியே எடுத்ததால் குட்டிகள் மயக்கத்திலேயே போயின என்றார் டொக்டர். பாதி ஆறுதல் அது.

"ஈன்ற பிறகு செய்திருக்கலாமே?" நியாயமான கேள்வி இது ஒன்றுதான். ஒருமுறை அகப்பட்ட பூனை மறுபடி கூண்டுக்குள் லேசில் வராது. குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்த சினை பிடிக்கும். அது போடுகிற பெண் குட்டியும் நாலைந்து மாதத்தில் சினைப்படும். பிறந்தவை வாழ்ந்தாலாவது பரவாயில்லை. அமெரிக்காவில் வட கரோலினாவில் தெருப்பூனைக் குட்டிகளைப் பின்தொடர்ந்து 2004இல் ஒரு ஆய்வு வந்தது. 169 குட்டிகளில் 127, ஆறு மாதம் ஆகமுன்னரே செத்தன அல்லது காணாமல் போயின. அவ்வளவு தூரம் ஏன் போவான்? வெள்ளச்சி போன வருடம் இரண்டு தரம் போட்ட ஒன்பதையும் எனக்குத் தெரியும். மூன்று ரயில் பாதையில். இரண்டு ஓட்டோச் சில்லில். ஒன்றை நாய் கடித்தது. இரண்டு மழையில் சளி பிடித்து, கண் ஒட்டிக் கிடந்து செத்தன. ஒன்றே ஒன்று தெஹிவளையில் ஒரு வீட்டில் வளருகிறது. அந்த எட்டுக்கும் குழுவில் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

"இயற்கையில் கைவைக்க நாங்கள் யார்?" ரயிலும் ஓட்டோவும் இயற்கை இல்லை. வேறு பதில் என்னிடம் இல்லை.

"பாவம்" என்கிறீர்கள். பாவம்தான். பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரியும் "பவ்" என்றா. இரண்டு மொழியிலும் இரக்கத்துக்கும் அந்தச் சொல்தான், செய்த தீங்குக்கும் அந்தச் சொல்தான். ஆனால் அன்று பின்னேரம் வெள்ளச்சிக்கு அவித்த மீன் கொண்டுவந்து வைத்ததும் அந்த அன்ரிதான்.

பால் கொடுக்கிற தாயையும் நாங்கள் விடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. மூன்று வருடத்துக்கு முன் கொட்டாஞ்சேனையில் ஒரு பூனையை மடி பார்க்காமல் பிடித்துக் கொடுத்தேன். மயக்கம் தெளியட்டும் என்று கிளினிக்கில் இரவு வைத்துக்கொண்டார்கள். காலையில் திறந்துவிட, நேரே ஒரு பழைய கடையின் கூரைக்கு ஓடினாள். பின்னால் ஏறிப் பார்த்தேன். ஒரு கிழமைக் குட்டிகள் மூன்று, மூன்றும் குளிர்ந்து கிடந்தன. அவள் அவற்றை நக்கிக்கொண்டே இருந்தாள்.

அன்றிலிருந்து முலைக்காம்பைச் சுற்றி மயிர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஒன்றையும் ஓட்டோவில் ஏற்றியதில்லை. பால் இருந்தால், குட்டிகள் தாமாகத் தின்னத் தொடங்கி, அவற்றுக்கு ஐந்து கிழமை வயதாவது ஆகும்வரை காத்திருப்பேன். காத்திருக்க வழியில்லை என்றால் மடியில் வெட்டுப் படாமல் விலாப்பக்கம் வெட்டச் சொல்லி, அன்றே குட்டிகளிடம் கொண்டுபோய் விடுவேன். சூலகத்தை எடுத்தாலும் பால் நிற்காது. இதையெல்லாம் ஒருவராவது என்னிடம் கேட்டீர்களா? கேட்காமல் எழுதினீர்கள்.

"கலியாணம் கட்டி ஒரு பிள்ளை பெத்திருந்தா இப்பிடிச் செய்ய மனம் வருமா" என்ற வரியையும் வாசித்தேன். அதற்குக் கண்ணீர் முகம் போட்டவர்களில் என் சொந்த மச்சாளும் இருக்கிறா. போன மாதம் அவவின் மாடிக் குடியிருப்பில் குட்டிகளை உரப்பையில் போட்டு மீன் சந்தையில் விடச் சொன்னபோது, மறித்து வாங்கிக்கொண்டு வந்தது நான். விடச் சொன்னது ஆர் எண்டு அவவுக்குத் தெரியும்.

வெள்ளச்சி இன்று காலை மதிலில் இருந்தாள். கருத்தடை செய்த அடையாளமாக வெட்டின இடது காது நுனி ஆறிவிட்டது. சாப்பிட்டாள், என்னைக் கண்டதும் பாய்ந்து ஓடினாள்.

தையல்கடைக்குப் பின்னால் சாம்பல் பூனை போன கிழமை நாலு போட்டிருக்கிறது. அவளை இப்போதைக்குத் தொடமாட்டேன். இரண்டு மாதம் போக அந்த நாலுக்கும் வீடு வேண்டும். கண்ணீர் முகம் போட்டவர்களில் யாராவது ஒன்றை எடுப்பதென்றால் இன்பொக்ஸில் வாருங்கள்.