ஜூரி பணிக்குப் போனால் முழுச் சம்பளம் நிச்சயமா?

"அமெரிக்காவில் ஜூரி பணிக்கு அழைத்தால் கம்பெனி முழுச் சம்பளம் தந்தே ஆக வேண்டும், இது மத்திய சட்டம்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. (ஜூரி என்றால், வழக்கைக் கேட்டு முடிவு சொல்ல நீதிமன்றம் அழைக்கும் பொதுமக்கள்.) அந்தச் செய்தி தவறு. இதை நம்பி மாத வாடகைக் கணக்குப் போடுபவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

மத்திய நீதிமன்றத்தில் ஜூரியாக இருப்பதற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்கவோ மிரட்டவோ கூடாது. சட்டம் தரும் பாதுகாப்பு அதுதான். வராத நாளுக்குத் தனியார் நிறுவனம் சம்பளம் தர வேண்டும் என்று பொதுவாக மத்திய சட்டம் எதுவும் இல்லை. மத்திய நீதிமன்றம் ஜூரிக்குத் தரும் படித்தொகை நாளொன்றுக்கு 50 டாலர். அதற்கும் வருமான வரி உண்டு. மணிக்கணக்கில் கூலி வாங்குபவருக்கு எட்டு மணி நேர வேலை போய் இந்த 50 டாலர் மட்டும் வந்தால், அந்த வாரமே தடுமாறும்.

சில மாநிலங்களில் நிலைமை வேறு. மாசசூசெட்ஸில் முதல் மூன்று நாள் வழக்கமான சம்பளத்தை முதலாளி தர வேண்டும். நான்காம் நாளிலிருந்து மாநிலம் நாளுக்கு 50 டாலர் தரும். ஆகவே உங்கள் மாநிலச் சட்டத்தையும் கம்பெனி விடுப்பு விதியையும் முதலில் பாருங்கள்.

பணம் கட்டுப்படியாகாது என்று அழைப்பைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், அபராதம் வரலாம். கடிதம் வந்த கையோடு, வருமான இழப்பைச் சொல்லி, சம்பளச் சீட்டின் நகலோடு தேதியைத் தள்ளிவைக்கவோ விலக்களிக்கவோ கேட்டு எழுதுங்கள். முடிவு நீதிமன்றத்தின் கையில்.