அந்த மிருகம் சோம்பேறித்தனத்தால் சாகவில்லை

மூன்று நாளாக ஒரு மோட்டிவேஷன் பேச்சாளரின் வீடியோ எல்லா வாட்ஸப் குழுவிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெயர் சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய எலும்புக்கூட்டுப் படம். "யானை சைஸ் மிருகம். ஏன் அழிஞ்சது? சோம்பேறித்தனம்!" என்கிறார். அரங்கமே கைதட்டுகிறது. அதற்குக் கீழே நான்கு வரி மறுத்து எழுதினேன். "சார் சொல்ற கருத்தைப் பாருங்க, எலும்பை எண்ணாதீங்க" என்று ஒருவர் வந்தார். அவருக்கு விழுந்த லைக்குகளைப் பார்த்தபிறகுதான் இங்கே எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அது என்ன மிருகம் என்று சொல்லிவிடுகிறேன். மேடையில் பேசியவர் தேவாங்கின் தாத்தா என்றார். தப்பு. தேவாங்கு குரங்குக்குச் சொந்தம், நமக்கும் தூரத்துச் சொந்தம். படத்தில் இருப்பது மெகாதீரியம், தரையில் வாழ்ந்த ஸ்லாத். (இன்றைய ஸ்லாத் தென் அமெரிக்கக் காடுகளில் மரத்தில் தலைகீழாகத் தொங்கி மெதுவாக நகரும் மிருகம்.) அதன் உறவுக்காரர்கள் எறும்புத்தின்னியும், முதுகில் ஓடு போர்த்திய அர்மடில்லோவும். (பெயர்க் குழப்பம் புதிதும் இல்லை. 1791ல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேயர் நம் ஊர்க் கரடியின் நீண்ட நகத்தைப் பார்த்துவிட்டு அதையும் ஸ்லாத் இனத்தில் சேர்த்தார். ஆங்கிலத்தில் இன்றும் அதற்கு ஸ்லாத் கரடி என்றுதான் பெயர்.) அர்ஜென்டினாவில் லுஹான் ஆற்றங்கரையில் கிடைத்த எலும்புகள் 1788ல் கப்பலேறி மாட்ரிட் போயின. 1796ல் குவியே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அதற்குப் பெயர் வைத்தார். ஒரு மிருகம் பூண்டோடு அழிந்துபோக முடியுமா என்றே ஐரோப்பாவில் பலர் நம்பாமல் இருந்த காலம் அது.

இந்த மிருகத்தைத்தான் சோம்பேறி என்கிறார்.

ஸ்லாத் வம்சம் தென் அமெரிக்காவில் மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. நம் மனித இனத்துக்கு வயது மூன்று லட்சம் ஆண்டு. இரண்டு அமெரிக்காவையும் இணைக்கும் பனாமா நிலப்பாலம் உருவாகுமுன்பே, சுமார் 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால், இவற்றில் சில வட அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. தென் அமெரிக்காவின் தென்கோடியில் படகோனியாவின் குளிரிலும் இருந்தன, அலாஸ்கா வரையும் போயின. பெரு நாட்டுக் கரையில் ஒரு கூட்டம் கடலுக்குள்ளேயே இறங்கியது. தலாசோக்னஸ் என்று பெயர். கடல் புல்லை மேய்ந்தது. காலம் போகப் போக, நீரில் மூழ்கி நிற்பதற்கு ஏற்றபடி அதன் எலும்பு அடர்த்தியாகிக்கொண்டே வந்ததைப் பாறை அடுக்குகளில் வரிசையாகப் பார்க்கலாம். கடலில் இறங்கி மேய்ந்தது சோம்பேறியா?

சில வருடம் முன்பு லண்டனில் அக்கா வீட்டுக்குப் போனபோது இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மெகாதீரிய எலும்புக்கூட்டின் அச்சு வார்ப்பைப் பார்த்தேன். மரத்தைக் கட்டிக்கொண்டு பின்னங்காலில் நிற்கிறது. வாலும் மூன்றாவது கால் போல ஊன்றியிருக்கிறது. நாலு டன் உடம்பை அப்படித் தூக்கி நிறுத்தித்தான் கிளையை வளைத்துத் தின்றது. இடுப்பெலும்பு மட்டும் ஒரு மாட்டுவண்டி அகலம் இருக்கும் போலத் தோன்றியது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அக்கா இரண்டு முறை வந்து கூப்பிட்டாள்.

சரி, பின்னே எப்படித்தான் அழிந்தது? "பருவநிலை மாறியது, அதனால்தான்" என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் சொன்னார். பருவநிலைக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன் எத்தனையோ பனியுகங்கள் வந்து போயின, இவை எல்லாவற்றையும் தாண்டி வந்தன. அமெரிக்கக் கண்டங்களில் இருந்தவை சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்தன. கரீபியன் கடலில் கியூபா, ஹிஸ்பானியோலா தீவுகளில் இருந்தவையோ 4,400 ஆண்டுகளுக்கு முன்பு வரை, அதாவது எகிப்தில் பெரிய பிரமிடு எழுந்த காலத்தை ஒட்டி, உயிரோடு இருந்தன. பருவநிலை மட்டுமே காரணம் என்றால் தீவுகளை மட்டும் ஏன் இத்தனை ஆயிரம் ஆண்டு விட்டுவைத்தது? அந்தத் தீவுகளுக்கு மனிதன் போய்ச் சேர்ந்ததுதான் தாமதமாக.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒயிட் சாண்ட்ஸ் என்ற இடத்தில் காய்ந்த ஏரிப்படுகையில் ஸ்லாத்தின் காலடித்தடம் இருக்கிறது. அந்தத் தடத்துக்குள்ளேயே மனிதக் காலடி. பின்தொடர்ந்து போயிருக்கிறான். ஓரிடத்தில் அது பின்னங்காலில் எழுந்து நின்று திரும்பியிருக்கிறது, முன்னங்கை நகம் மண்ணைத் தொட்ட தடமும் இருக்கிறது. எதிர்த்து நின்றிருக்கிறது ஐயா! அர்ஜென்டினாவில் காம்போ லபோர்தே என்ற இடத்தில் வெட்டுக்காயம் பட்ட மெகாதீரிய எலும்பும் கல் ஆயுதமும் சேர்ந்தே கிடைத்தன. கொன்றவன் வாரிசு மேடையேறி, செத்ததைப் பார்த்து "உன் சோம்பேறித்தனத்தால் செத்தாய்" என்று சொல்கிறான். இதற்குத்தான் கைதட்டல்.

"அது வெறும் மோட்டிவேஷன் பேச்சு, உதாரணம்தானே, இதுக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்பீர்கள். கேட்டுவிட்டீர்கள், மூன்று பேர். சொல்கிறேன்.

என் தம்பி ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எல்லாவற்றிலும் மெதுவாகிவிட்டான். எழுதி முடிக்கமாட்டான், மத்தியானம் பெஞ்சிலேயே தூங்கிவிடுவான். வகுப்பில் அவனுக்குத் தேவாங்கு என்று பெயர் வைத்தது ஒரு வாத்தியார். வீட்டில் அம்மா "சோம்பேறி" என்று திட்டினாள். நானும் சொல்லியிருக்கிறேன், ஒரு முறை இல்லை, பல முறை. இரண்டு வருடம் கழித்து ஒரு ரத்தப் பரிசோதனையில் தைராய்டு என்று தெரிந்தது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அவ்வளவுதான். ஆறு மாதத்தில் ஆள் மாறிவிட்டான். ஆனால் அந்தப் பெயர் பள்ளி முடியும்வரை கூடவே வந்தது. இந்த வீடியோவை எங்கள் குடும்பக் குழுவில் சித்தப்பா போட்டார். எல்லோரும் கைதட்டும் பொம்மை போட்டார்கள். தம்பி பார்த்துவிட்டான் என்று நீலக்கோடு காட்டியது. எதுவும் எழுதவில்லை.

காரணம் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். சோம்பேறி என்று சொல்லாதீர்கள்.

சிலி நாட்டில் ஒரு குகையில் 1895ல் மைலோடான் என்ற தரை ஸ்லாத்தின் தோல் கிடைத்தது. குளிரில் கெடாமல் அப்படியே இருந்தது. வெளியே முரட்டு முடி, தோலுக்குள்ளே சின்னச் சின்ன எலும்பு, புளியங்கொட்டையை நெருக்கமாகப் பதித்தது போல. தோலுக்குள்ளேயே கவசம் போட்டுக்கொண்டு திரிந்த மிருகம் அது.

லண்டனில் எடுத்த படத்தை முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன். அந்த நகங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். சித்தப்பா, நீங்களும்.