“மாத்திரை கொடுக்க வருகிறவர்தானே?”

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாயிற்று. தோளில் பி.பி. மிஷின் பையோடு ஒரு பெண் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்கிறார். உள்ளே இருந்து ஒருவர், “நீ என்ன டாக்டருக்குப் படித்திருக்கிறாயா?” என்று கேட்கிறார். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் மூன்று பேர் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள். இந்தப் பதிவே அவர்களுக்குத்தான்.

அவர் டாக்டர் இல்லை. அப்படி அவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கிய நாளிலிருந்து அவர் வேலை இதுதான்: வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது, கூடுதலாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது, அங்கே எழுதிக் கொடுத்த மாத்திரையை வீட்டில் சேர்ப்பது. இதில் டாக்டர் பட்டம் எங்கே வந்தது?

என் அப்பா ஓய்வுபெற்ற கண்டக்டர். நான் பணம் கட்டி அழைத்துப்போன தனியார் டாக்டர், பி.பி. இறங்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் மாத்திரையின் அளவை ஏற்றிக்கொண்டே போனார். எங்கள் தெருவுக்கு வரும் அக்கா ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து, “அப்பா, பழைய அட்டையை எடுத்து வாருங்கள்” என்றார். விரலால் ஒவ்வொரு குமிழாகத் தடவி எண்ணினார். தீர்ந்திருக்க வேண்டிய அட்டையில் ஏழு மாத்திரை அப்படியே இருந்தது. ஆயுள் முழுக்க டிக்கெட் கணக்குப் பார்த்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மாத்திரை போட்டால் அடிக்கடி சிறுநீர் வருகிறதாம். கோயில் வாசலில் நண்பர்களோடு உட்கார முடியவில்லையாம். பெற்ற மகன் என்னிடம் சொல்லவில்லை, அவரிடம் சொன்னார். அடுத்த வாரம் சுகாதார நிலைய டாக்டரிடம் அந்த அக்காவே அப்பாவை அழைத்துப்போய் மாத்திரையை மாற்றி வாங்கினார். அட்டையை எண்ண எந்த டாக்டர் நம் திண்ணைக்கு வருவார், சொல்லுங்கள்.

“சிலர் வராமலேயே வந்ததாகப் பதிவு செய்கிறார்களே” என்று ஒருவர் வருவார். இருக்கலாம். எந்த அலுவலகத்தில் அது இல்லை? “எங்கள் வீட்டுச் சர்க்கரை அளவு அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடுகிறது” என்பது மட்டும் நியாயமான புகார். தெருவாசலில் நின்று எண்ணைச் சத்தமாகச் சொல்வது தவறுதான். பயிற்சியில் அதைச் சொல்லித்தர வேண்டும். ஆனால் அவரைத் தெருவாசலிலேயே நிறுத்தி வைப்பது யார்?

இன்னொன்று. இவர்களுக்கு அரசு வைத்திருக்கும் பெயர் ‘தன்னார்வலர்’. அழகான பெயர். ஊழியர் என்றால் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆர்வம் என்றால் ஊக்கத்தொகை போதும். தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய். இந்தத் திட்டத்துக்கு 2024இல் ஐ.நா. விருது கிடைத்தபோது பக்கம் பக்கமாகப் பாராட்டினோம். இவர்களைப் போலவே வீடு வீடாகப் போகும் ஆஷா என்ற சுகாதாரப் பணியாளர்களுக்கு 2022இல் உலக சுகாதார நிறுவனம் விருது கொடுத்தது. 2025 பிப்ரவரியில் கேரளத்து ஆஷாக்கள் மதிப்பூதியத்தை உயர்த்தக் கேட்டுத் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தார்கள். 50வது நாளில் தங்கள் தலைமுடியையே வெட்டிக்கொண்டார்கள். விருதை வைத்து ரேஷன் கடையில் அரிசி வாங்க முடியுமா என்று கேட்டால் நான் அரசியல் பேசுகிறேன் என்பீர்கள். பேசிவிட்டுப் போகிறேன்.

சரி, நானும் யோக்கியன் இல்லை. முதல் இரண்டு வருடம் எங்கள் தெருவுக்கு வரும் அக்காவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. அம்மாதான் மோர் கொடுப்பார். நான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நேற்று அந்த அக்கா வந்தார். வழக்கமாக “அப்பா!” என்று கூப்பிட்டுக்கொண்டே நேராகத் திண்ணைக்கு வந்துவிடுவார். நேற்று கேட்டுக்கு வெளியே நின்று, “உள்ளே வரலாமா சார்?” என்று கேட்டார்.