"முதல் ஆண்டிலேயே 90 சதவீதம்" என்பது சரியா?

படிப்பை முடித்ததும் சொந்தத் தொழில் தொடங்குபவர்களில் 90 சதவீதம் பேர் முதல் ஆண்டிலேயே மூடிவிடுகிறார்கள் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதையே பகிர்கிறார்கள். அக்கறையில் சொன்னதுதான், ஆனால் அந்த எண் சரியில்லை.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை, ஆட்களை வேலைக்கு வைத்துத் தொடங்கும் புதிய தனியார் நிறுவனங்களை 1994 முதல் ஆண்டுவாரியாகத் தொடர்ந்து கணக்கெடுக்கிறது. முதல் ஆண்டில் மூடுபவை ஏறத்தாழ 20 சதவீதம். ஐந்தாம் ஆண்டில் ஏறத்தாழ பாதி இயங்கிக்கொண்டிருக்கின்றன. பத்தாம் ஆண்டில்கூட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இயங்குகிறது. பட்டதாரிகளை மட்டும் தனியாகப் பிரித்த கணக்கு அல்ல இது. எல்லா வயதினரும் சேர்ந்தது. இன்னொன்று, மூடியது எல்லாமே நஷ்டத்தால் மூடியதும் இல்லை.

நீங்களே பார்க்கலாம். அத்துறையின் இணையதளத்தில் 'பிசினஸ் எம்ப்ளாய்மென்ட் டைனமிக்ஸ்' பகுதிக்குப் போய், தொடங்கிய ஆண்டுவாரியான அட்டவணையைத் திறங்கள். 2013 மார்ச் வரிசையில், இன்னும் இயங்கும் நிறுவனங்களின் சதவீதம் 100-இல் தொடங்கும். அடுத்த வரியில் 80-ஐ ஒட்டிய எண் இருக்கும், அப்புறம் ஆண்டுக்கு ஆண்டு மெல்லக் குறைந்துகொண்டே போகும். வேலையா தொழிலா என்று வீட்டில் பேசும்போது இந்த அட்டவணையைத் திறந்து வைத்துப் பேசுங்கள்.